கவரோடு ஒரு பீஸ்

“…பிரிச்சுட்டா அது செகண்ட்ஸுங்க அக்கா. அப்புறம் திங்கக்கெழம காலைல இவங்க மூஞ்சிய நான் எப்படீங்க பாக்கறது? சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க.”

இதைச் சொன்னவர் திருப்பூர்ப் பக்கத்து பனியன் கம்பெனி ஒன்றில் பேக்கிங் சூப்பர்வைசர். சொன்ன இடம், மலையடிவாரத்தில் தேசியப் பூங்காவுக்குள் போகிற வழியிலிருக்கும் செக்போஸ்ட். குறுக்குக் கம்புக்கு அந்தப் பக்கம் அவர், அவர் பின்னால் ஒரு பஸ் நிறையத் தையல்காரர்கள், அவர் காலடியில் அட்டைப்பெட்டிகள். இந்தப் பக்கம் நான். இரண்டு பக்கமும் கோபத்துக்குக் குறைவில்லை.

செகண்ட்ஸ் என்றால் என்னவென்று திருப்பூர்க்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். ஊசி ஓட்டை, எண்ணெய்க் கறை, கோணலாக உட்கார்ந்த காலர் என்று ஏதோ ஒரு குறையால் ஏற்றுமதிக்குத் தேறாமல் ஒதுக்கிய துணிதான் செகண்ட்ஸ். தேறிய பீஸ் மடித்து கவருக்குள் போகும். தேறாதது ரோட்டோரத் தார்ப்பாயில் குவியலாக விழும். கவருக்குள் இருப்பதை யாரும் சந்தேகப்படுவதில்லை. கவர் இல்லாமல் கையில் கொடுத்தால் முதலில் அக்குளைத்தான் விரித்துப் பார்ப்பார்கள், ஓட்டை இருக்கிறதா என்று.

எங்கள் பக்கத்துக் கோபத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. மற்ற ஊர்களில் கோபம் ஏறினால் மரியாதை இறங்கும். கொங்கு நாட்டில் இரண்டும் சேர்ந்தே ஏறும். சாதாரண நாளில் ஒரு பேச்சுக்கு ஒரு ‘ங்க’ போதும். ஆள் கொதித்துவிட்டால் மூச்சுக்கு ஒரு ‘ங்க’ விழும். அந்தக் கணக்கில், நான் பார்த்தவர்களிலேயே மிக மரியாதையான மனிதர் அன்றைக்கு வந்த அந்த சூப்பர்வைசர்தான்.

நானும் பனியன் கம்பெனியில் இருந்தவள். பல்லடம் ரோட்டில் ஒரு கம்பெனியில் செக்கிங். டியூப்லைட் வெளிச்சத்தில் வெள்ளைத் துணியையே பார்த்துப் பார்த்துக் கண் மங்கிய பிறகு, கணவருடைய ஊரான இந்த அடிவாரத்துக்கு வந்தேன். இங்கே எனக்குக் கிடைத்த வேலை பேசுவது. காட்டுக்குள் போகிறவர்களை, மேலே கூட்டிப்போகும் வனத்துறை வேனில் ஏறும் முன் நிறுத்தி, கொஞ்ச நேரம் பேசி அனுப்ப வேண்டும். கொண்டு போனதைத் திரும்பக் கொண்டு வாருங்கள், ஓடையில் சோப்புப் போடாதீர்கள், குரங்குக்கு ஊட்டாதீர்கள், வீட்டுக்குப் போன பிறகும் ஒரு பொருளை வாங்கும்போது அது கடைசியில் எங்கே போய்ச் சேரும் என்று ஒரு தடவை நினைத்துப் பாருங்கள். துறையில் இதற்கு ‘நீடித்த வாழ்வுமுறை விழிப்புணர்வு’ என்று பெயர். காவலுக்கு நிற்கும் வாட்சர்கள் ‘அக்கா கச்சேரி’ என்பார்கள்.

யாரும் எனக்குப் பேசக் கற்றுக்கொடுக்கவில்லை. வருகிறவர்கள் பேசுவதைக் கேட்டுத்தான் கற்றுக்கொண்டேன். பெரும்பாலும் அது திட்டாக இருக்கும். ஆனால் திட்டிலும் நல்ல திட்டு உண்டு. தாராபுரத்துக்காரர் ஒருவர், “அம்மிணி, நீங்க பேசி முடிக்கறதுக்குள்ள யானை ரிட்டையர் ஆயிருமுங்க” என்றார். மூலனூர் மார்க்கெட்டில் முருங்கைக்காய் ஏலம் எடுக்கிறவர் ஒருவர், தண்ணீர் பாட்டிலைப் பிடுங்கியதும், “எங்க காயவே வெறும் கட்டாத்தானுங்க கட்டி அனுப்பறோம். என்னையப் போயி பிளாஸ்டிக்காரன்ங்கறீங்களே” என்று உண்மையாகவே வருத்தப்பட்டார். ஒரு அம்மா தன் வீட்டுக்காரரிடம், “ஏனுங்க, நம்ம ஊட்ல நான் சொன்னா கேக்கறதில்ல, இங்க வந்து கைகட்டி நிக்கறீங்க” என்று சந்தடிசாக்கில் அவரையும் என்னையும் சேர்த்து வாரினார். இவற்றையெல்லாம் நான் மறப்பதில்லை. அடுத்த வண்டிக்காரர்களிடம் எடுத்துவிட்டுச் சிரிக்க வைப்பேன். சிரித்தவன் பாதியாவது கேட்பான்.

கவர் விஷயத்தில் மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. அதற்குக் காரணம் என் மேசை மேலிருக்கும் ஒரு கண்ணாடிக் குடுவை. அதற்குள் ஒரு பாலிதீன் கவர் இருக்கிறது. யானைச் சாணத்திலிருந்து வாட்சர் ஒருவர் குச்சியால் இழுத்து எடுத்தது. கிழியவே இல்லை. குழந்தைகள் மூச்சுத் திணறக்கூடும், எட்டாமல் வையுங்கள் என்று வெளிநாட்டு மொழிகளில் அச்சடித்த எச்சரிக்கை அப்படியே இருக்கிறது. மூலையில் ‘எம்’ என்று சைஸ் ஸ்டிக்கர். கழுவி வெயிலில் காய வைத்தபோது என் கைக்குத் தெரிந்துவிட்டது. பளபளப்பும் ஒட்டுப்பட்டையும், எல்லாம் எங்கள் ஊர்ச் சரக்கு. ஒருவேளை நான் தேறியது என்று தள்ளிய பீஸ்கூட அதற்குள் இருந்திருக்கலாம்.

அன்று ஞாயிற்றுக்கிழமை. காலையிலேயே கம்பெனி முதலாளியின் கார் மேலே போய்விட்டது, கூடவே துணி வாங்குகிற வெளிநாட்டு பையர். மேலே வியூபாயிண்டில் ஒரு சின்ன விழா. தொழிலாளர்களுக்கு ஆளுக்கொரு டிசர்ட் பையர் தன் கையாலேயே கொடுப்பார், போட்டோ எடுப்பார்கள், அது கடல் கடந்து எங்கெங்கோ போகும். அனுமதியெல்லாம் முறைப்படி வாங்கியிருந்தார்கள். பின்னால் பஸ்ஸில் தொழிலாளர்கள் வந்தார்கள். வாரத்தில் ஒரு நாள் லீவு, அதையும் பிடுங்கி மலைக்கு ஏற்றிய கடுப்பு எல்லார் முகத்திலும் இருந்தது.

வாட்சர் சிப்ஸ் பாக்கெட்டுகளை வாங்கி வைக்க ஆரம்பித்ததும் பேச்சு கிளம்பியது.

“கம்பெனிலயும் செக்கிங், காட்லயும் செக்கிங்கா?”

“ஏங்க, குர்குரேய மட்டும் உட்டுருங்க. கொழந்த மாதிரி பாத்துக்கறேன்.”

“யானைக்கு ஒரு கேட்பாஸ் உண்டா, இல்ல நமக்கு மட்டுந்தானா?”

கேட்க எனக்கு நன்றாகத்தான் இருந்தது. அதன் பிறகுதான் பெட்டிகளை இறக்கினார்கள். வாட்சர் ஒன்றைப் பிரித்துக் காட்டினார். உள்ளே வரிசையாக டிசர்ட்டுகள். நெஞ்சில் பச்சை இலை, அதன் கீழே ‘காட்டைக் காப்போம்’. ஒவ்வொன்றும் தனித்தனி பாலிதீன் கவரில், அட்டை வைத்து மடித்து, ஸ்டிக்கர் ஒட்டி, எக்ஸ்போர்ட் பீஸ் எப்படி இருக்குமோ அப்படி.

என்னையும் மீறிச் சிரித்துவிட்டேன். சூப்பர்வைசர் நெற்றி சுருங்கியது.

“என்னங்க சிரிப்பு?”

“ஒண்ணுமில்லீங்க. துணி தாராளமா போகட்டும். கவர் போகாதுங்க.”

“கவர் இல்லாம எப்படீங்க குடுக்கறது?”

“கையிலதானுங்க.”

குடுவையை எடுத்துக் காட்டி, அது எங்கிருந்து வந்தது என்று சொன்னேன். ஸ்டிக்கரைப் படித்த ஒரு தையல்காரர், “அப்ப யானை மீடியம் சைஸுங்களாக்கா?” என்றார். பஸ்ஸே சிரித்தது. வாட்சரும் சிரித்தார். எனக்கும் வாய்வரை வந்தது, கடித்துக்கொண்டேன். சூப்பர்வைசர் மட்டும் சிரிக்கவில்லை. அவர் பெட்டியை மூடி, அதன் மேல் கையை வைத்து நின்றார்.

“அக்கா, ஒரு மணி நேரமுங்க. மேல குடுக்கறோம், போட்டோ எடுக்கறோம், அப்படியே கொண்டாந்துடறோம். யாரும் பிரிக்கமாட்டாங்க. ஊட்டுக்குக் கொண்டு போயித்தான் பிரிப்பாங்க. ஒரு கவர் கொறைஞ்சா என்னையக் கேளுங்க.”

“போன தடவ வந்த கம்பெனிக்காரரும் இதேதானுங்க சொன்னாரு. மேல காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்குத் தெரியாது. பள்ளத்துல விழுந்த கவர இந்த வாட்சர் கவுறு கட்டி எறங்கி எடுத்தாரு. எல்லாம் கெடைக்கல.”

“அது அவங்க ஆளுங்க. எங்காளுங்க அப்படியில்லீங்க.”

“எல்லாரும் அவங்கவங்க ஆளப் பத்தி அப்படித்தானுங்க சொல்றாங்க.”

இரண்டு வழி சொன்னேன். இங்கேயே கவரை உருவி என்னிடம் கொடுத்துவிட்டு வெறும் துணியாக எடுத்துப் போகலாம். இல்லை, பெட்டிகளை என் அறையில் வைத்துவிட்டுப் போய், இறங்கும்போது கவரோடு எடுத்துக்கொள்ளலாம்.

“இங்க வெச்சுட்டுப் போனா போட்டோ? அந்தப் போட்டோக்குத்தானுங்க இந்த ட்ரிப்பே. அதுவுமில்லாம உங்க ரூம்ல கொரங்கு வராதுங்களா?”

“வரும். கதவு சரியில்ல.”

“நல்லாச் சொன்னீங்க.”

அவர் ஏன் இவ்வளவு பிடிவாதம் பிடிக்கிறார் என்பது அப்போதுதான் வெளியே வந்தது. போன தீபாவளிக்குக் கம்பெனி எல்லாருக்கும் டிசர்ட் கொடுத்ததாம். கவர் இல்லாமல், கட்டாகக் கட்டி. வீட்டுக்குப் போய் விரித்தால் ஒருவருக்கு எண்ணெய்க் கறை, ஒருவருக்குத் தோளில் தையல் விட்டிருந்தது. நாங்கள் தைத்ததில் தேறாததை எங்களுக்கே கொடுக்கிறீர்களா என்று ஒரு தையல் லைனே பாதி காலியாகி, வேறு கம்பெனிக்குப் போய்விட்டது. அந்த டிசர்ட்டுகளைத் தன் கையால் கொடுத்தவர் இந்த சூப்பர்வைசர். மிச்சமிருந்தவர்களிடம் அவர் வாக்குக் கொடுத்திருந்தார், அடுத்த தடவை கவரோடு, பையருக்குப் போகிற அதே பீஸ் என்று. முதலாளியிடம் சண்டை போட்டு ஸ்டோரிலிருந்து கவர் வாங்கி, ராத்திரி உட்கார்ந்து பேக் பண்ணியதும் அவரேதான்.

“நீங்க செக்கிங்ல இருந்தவங்கன்னு சொல்றாங்களே. கவர் இல்லாத பீஸ நீங்க எங்கீங்க பாத்திருக்கீங்க?”

“ரோட்டோரத்துல” என்றேன். வாயிலிருந்து வந்த பிறகுதான் அது அவர் பக்கத்துப் பதில் என்று தெரிந்தது.

பஸ் படிக்கட்டில் நின்றிருந்த ஒரு பெண்மணி இறங்கி வந்தார். திருநெல்வேலிப் பக்கம், நரைத்த தலை, கையில் டிரிம்மர் பிடித்துப் பிடித்துக் காய்த்த கட்டைவிரல். நூல் வெட்டுகிறவர் என்று அந்த விரலைப் பார்த்தே சொல்லிவிடலாம்.

“ஏம்மா, நீ என்னதான் சொல்லுத?” என்றார். “இத்தன வருசமா நான் கவருக்குள்ள போட்டுப் போட்டு அனுப்புதேன். எந்தச் சீமையில எவ பிரிக்கான்னுகூடத் தெரியாது. என் பேரனுக்கு ஒண்ணு, கடையில வாங்கினாப்புல கவரோட கொண்டுபோயிக் குடுப்போம்னு வந்திருக்கேன். அது ஒனக்குப் பொறுக்கலையாக்கும்.”

“உங்க பேரனுக்குத் துணிதானம்மா போடப் போறீங்க.”

“துணிய நான் தச்சுக்கிடுவேன். கவர நீ தருவியா?”

அவர் சொன்னது புரியாமல் இல்லை. செக்கிங் மேசையிலிருந்து கவருக்குள் போன பீஸ்களை நானும் அப்படித்தான் பார்த்துக்கொண்டிருப்பேன். எனக்குக் கிடைத்ததெல்லாம் குவியலிலிருந்துதான். புரிந்தபடியால்தான் என் குரல் இன்னும் கூடியது. குடுவையைத் தூக்கி, “யானைக்கும் பேரப்புள்ள இருக்குதும்மா” என்றேன். மேடைப் பேச்சு. எனக்கே பிடிக்கவில்லை. அவருக்கு அதைவிடப் பிடிக்கவில்லை.

“யானையோட போயி வாழு” என்று சொல்லிவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். நல்ல திட்டு. ஆனால் அதை நான் அடுத்த வண்டிக்காரர்களிடம் எடுத்துவிடவில்லை.

வாட்சர் என் காதருகில், “விட்டுருங்கக்கா. பெரிய எடம். வம்பு” என்றார். “நீங்க மறுபடியும் கவுறு கட்டி எறங்குவீங்களா?” என்றேன். அவர் கம்பருகே போய் நின்றுகொண்டார்.

சூப்பர்வைசர் முதலாளிக்கு ஃபோன் போட்டார். சிக்னல் இழுத்துக்கொண்டு வந்ததால் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். என்னிடம் நீட்டினார்.

“அம்மிணி, நல்லா இருக்கீங்களா?” என்றது குரல். “எந்த ஊருங்க நீங்க? பல்லடமுங்களா? அப்ப நம்ம ஊருதானுங்க. நம்ம ஊருக்காரங்களே இப்படிப் பண்ணலாமுங்களா? சரீங்க. ரேஞ்சர் ஐயாவும் நானும் ஒரே டேபிள்லதானுங்க காபி குடிச்சிட்டிருக்கறோம். அவருகிட்டயே பேசிக்கறேனுங்க.”

‘ங்க’ எண்ணிக்கையைப் பார்த்தால் என் வேலை போய்விட்டது என்றே அர்த்தம்.

“பேசுங்க. கவர் உள்ள போகக்கூடாதுன்னு இங்க மாட்டியிருக்கற போர்டுல கையெழுத்துப் போட்டதே அவருதானுங்க” என்றேன்.

மேலே கோப்பை வைக்கிற சத்தம் கேட்டது. பிறகு குரல் சூப்பர்வைசரைத் தேடியது. அதில் இப்போது ‘ங்க’ இல்லை.

“ஏப்பா, அதப் பிரிச்சுக் கொட்டிட்டு வா. பையர் வெயில்ல நிக்கறாரு. துணிதான வேணும். அவங்களுக்கு எதுக்குக் கவரு?”

ஸ்பீக்கரில் இருந்தது. எல்லோரும் கேட்டார்கள்.

சூப்பர்வைசர் அவசரமாக ஸ்பீக்கரை அணைத்தார். பிரயோசனமில்லை. யாரும் கத்தவில்லை. கத்தியிருந்தால் நன்றாயிருந்திருக்கும். யானைக்கு சைஸ் கேட்ட தையல்காரர் கீழே கிடந்த கல்லைக் காலால் உருட்டிக்கொண்டே, யாருக்கும் சொல்லாதது போல, “பல்லடத்துல டெய்லர் கேட்டு போர்டு தொங்குது” என்றார். இன்னொருவர், “எனக்கும் ஒரு சீட்டுப் பிடி” என்றார். அவர்கள் பின்னால் நின்ற வடக்கத்தித் தொழிலாளி ஒருவருக்குத் தமிழ் பாதிதான் புரியும், ஆனால் முகங்களைப் பார்த்து அவரும் கையைக் கட்டிக்கொண்டார். திருநெல்வேலி அம்மா பஸ்ஸுக்குள் ஏறி, ஜன்னலோரம் உட்கார்ந்து, முந்தானையால் தலையை மூடிக்கொண்டார்.

சூப்பர்வைசர் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தார். வாய் திறந்து முதலாளியைச் சொல்ல முடியாது. ஆட்களைச் சொல்ல முடியாது. மிச்சமிருந்தது நான் ஒருத்திதான். என்னைப் பார்த்துத் திரும்பினார்.

“நீங்க நல்லதுக்குத்தான் பேசறீங்க, ஒத்துக்கறேனுங்க. ஆனா நல்லதெல்லாம் எங்காளுங்க தலையிலயேதானுங்களா வந்து விடியோணும்? மேல கார்ல போனவரு எத்தன கவர்ல சாப்பாடு கொண்டு போனாருன்னு பாத்தீங்களா? அத யாரு பிரிச்சா? இத மட்டும் பிரிக்கச் சொல்றீங்க. பிரிச்சுட்டா அது செகண்ட்ஸுங்க அக்கா. அப்புறம் திங்கக்கெழம காலைல இவங்க மூஞ்சிய நான் எப்படீங்க பாக்கறது? சொல்லுங்க. நீங்களே சொல்லுங்க.”

காரைச் சோதித்தது வாட்சர். முன்சீட்டைப் பார்த்தார், பின்னால் திறக்கச் சொல்லவில்லை. அது எனக்கும் தெரியும். அதனால் எனக்கு இன்னும் எரிச்சலாக வந்தது.

“பிரிச்சுக் கொட்டச் சொன்னது உங்க மொதலாளிங்க” என்றேன். “கவர் உள்ள போகக்கூடாதுன்னு மட்டுந்தான் நான் சொன்னேன்.”

அவர் என்னை நோக்கி ஓரடி எடுத்து வைத்தார். அடித்துவிடுவாரோ என்றுகூடத் தோன்றியது. பிறகு சட்டைப் பையிலிருந்து டேப் ரோலை எடுத்தார். வாட்சர் பிரித்திருந்த பெட்டியின் மூடியை ஒழுங்காக மடக்கி, குறுக்கே ஒன்று, நெடுக்கே ஒன்று, மறுபடியும் குறுக்கே ஒன்று என்று டேப் இழுத்து ஒட்டினார். பல்லால் கடித்துத் துண்டித்தார். பெட்டிகளை ஒவ்வொன்றாகத் தூக்கிக்கொண்டு போய், செக்போஸ்ட்டுக்கு வெளியே, புளியமர நிழலில் அடுக்கினார். உதவிக்கு வந்தவர்களைக் கையசைத்து விலக்கினார்.

“எல்லாரும் வேன்ல ஏறுங்க” என்றார். “மேல போயி சுத்திப் பாத்துட்டு வாங்க. போட்டோவுக்கு நிக்கச் சொன்னா, போட்டுட்டு வந்த துணியோடவே நில்லுங்க. கேட்டா நான் சொன்னேன்னு சொல்லுங்க. சாயங்காலம் எறங்குனதும் இங்க வெச்சு ஆளுக்கொண்ணு. கவரோட.”

யாரும் கைதட்டவில்லை. ஒவ்வொருவராக ஏறினார்கள். திருநெல்வேலி அம்மா கடைசியாகப் பஸ்ஸை விட்டு இறங்கி, புளியமரத்தடிப் பெட்டிகளை ஒரு முறை பார்த்துவிட்டு, என்னைப் பார்க்காமல் வேனில் ஏறினார். வாட்சர் கம்பைத் தூக்கினார்.

வேன் போன பிறகு நான் ஒரு சொம்பில் தண்ணீர் கொண்டு போய் நீட்டினேன். எங்கள் பக்கத்தில் எவ்வளவு சண்டையென்றாலும் நீட்டிய தண்ணீரை வாங்கி ஒரு வாய் குடித்துவிட்டுத்தான் கீழே வைப்பார்கள். அவர் சொம்பைப் பார்த்தார். வாங்கவில்லை. பையில் ஃபோன் அடிக்க ஆரம்பித்தது. எடுத்து யாரென்று பார்த்துவிட்டு, அடிக்க அடிக்கவே அதைத் திரும்பப் பைக்குள் போட்டார். தலைக்கு மேலே கிளையில் குரங்குகள் வந்து சேர்ந்திருந்தன. ஒரு கல்லை எடுத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பெட்டிகளின் மேல் ஏறி, எனக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தார்.